துக்கத்தில் இருப்பவர் பிறருக்குச் சேவை செய்தால் மனம் தேறுமா?

தாயை இழந்து பல மாதங்களாகியும் மனம் தேறவில்லை. சபையார் சொல்வதுபோல ஊழியத்தில் ஈடுபட்டால் துக்கம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும் என்றே நான் நம்புகிறேன். ஆனால், அழ வேண்டிய அழுகையை அடக்கிக்கொண்டு ஓடி ஓடி உழைக்கும்படி வேதம் சொல்லவில்லை. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் தந்தது உறக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும்தான்; தமக்குப்பின் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம் செய்யும் பணி அதன் பிறகே வந்தது (1 இராஜாக்கள் 19).

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 1922-இல் எவரெஸ்ட் பயணத்தின்போது பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்ததால் ஆழ்ந்து வருந்திய ஹோவார்ட் சாமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவர், அதே ஆண்டு நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து, அங்கே திரண்டிருந்த நோயாளிகளைக் கண்டபின், தம் நாட்டில் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டுப் பல்லாண்டுகள் இங்கே அறுவை மருத்துவராக உழைத்தார். துக்கம் மட்டுமே அவரை இங்கு நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன். துக்கப்பட்டவரின் கைகளும் பிறருக்குப் பயன்படும் என்பதே எனக்கு முக்கியம்.

நீங்கள் சிறிதாகத் தொடங்குங்கள். தெருவில் படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டிக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுபோய், அவர் ஒவ்வொரு வாயாக விழுங்கும்வரை கரண்டியோடு காத்திருங்கள். அந்த நேரத்தில் உங்கள் கவனம் அவர்மேல் இருக்கும். அம்மாவைப் பற்றி அவரிடம் பேசவும் வாய்க்கும். உறக்கமும் பசியும் அறவே கெட்டிருந்தால், ஊழியத்துக்கு முன்பு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.