குதிரையின் மூளையைப் படிக்கப் போகிறேன் என்கிற மகளும், பயந்துபோன அம்மாவும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் கூடத் தெரிந்தது. மகளுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கே வெட்டுப்புள்ளி காணும் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்லும்போது, அவள் பேராதனையின் மிருக வைத்தியத்தை முதல் தெரிவாகப் போட நிற்கிறாள். காரணம் கேட்டால் குதிரை, மயக்க வாயு, மூளை அலை என்கிறாள். "நெடுந்தீவை விட்டால் இந்தப் பக்கம் குதிரை எங்கே இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான், அதற்கு வருகிறேன். முதலில் அவள் சொல்வது என்னவென்று பார்ப்போம். வீட்டில் ஒருவரும் அதை முழுதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

500 கிலோ எடையுள்ள ஒரு குதிரையைச் சத்திரசிகிச்சைக்குப் படுக்க வைப்பதே ஆபத்தான வேலை. அதன் எடையே தசைகளை நசுக்கும், நுரையீரலை அமுக்கும். வாயு கூடினால் இரத்த அழுத்தம் விழும். மயக்கம் தெளிந்து எழும்பும்போது தடுமாறிக் காலை முறித்துக்கொள்ளும் குதிரைகளும் உண்டு. அதனால்தான் மயக்கம் தெளியவிடும் அறையின் சுவர்களுக்கு மெத்தை அடித்திருப்பார்கள். பல இடங்களில் தலைக்கும் வாலுக்கும் கயிறு கட்டித் தாங்கி எழுப்புவார்கள். 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மயக்கமருந்து கொடுத்துச் செய்த சிகிச்சைகளைச் சுற்றிய நாட்களில் இறந்தவை 1.9 வீதம். வயிற்றுக்குத்து வந்தவற்றைக் கழித்தாலும் 0.9 வீதம். நாய்களில் இது 0.2 வீதத்துக்கும் குறைவு. வாயுவைக் கூட்டினால் உயிருக்கு ஆபத்து, குறைத்தால் குதிரை வலியை உணருமோ என்ற கேள்வி.

உங்கள் மகள் பிடித்திருப்பது இந்த இடத்தைத்தான். மயக்க வாயுவின் பலத்தை 'மாக்' என்ற அளவால் சொல்வார்கள். வலி கொடுத்தாலும் பாதி விலங்குகள் அசையாமல் இருக்கத் தேவையான செறிவு அது. குதிரைக்கு ஹலோதேன் என்றால் சுமார் 0.9 வீதம், ஐசோபுளுரேன் 1.3, செவோபுளுரேன் 2.3. ஆனால் 1993இல் ஆடுகளில் மூளைக்கும் உடலுக்கும் வெவ்வேறாக வாயு செலுத்திப் பார்த்தபோது, அசைவை நிறுத்துவதில் பெரும்பங்கு முள்ளந்தண்டு வடத்துக்குத்தான் என்று தெரியவந்தது. அப்படியென்றால் குதிரை அசையாமல் கிடக்கிறது என்பதை மட்டும் வைத்து மூளையின் நிலையைச் சொல்ல முடியாது.

அதற்காகத்தான் தலையின் தோலுக்குக் கீழே மெல்லிய ஊசி மின்வாய்களைச் செருகி மூளை அலைகளைப் பதிகிறார்கள். அங்கே வாயுவுக்கு வாயு வேறுபாடு தெரிகிறது. ஐசோபுளுரேனைக் கூட்டிக்கொண்டு போனால் அலைகள் திடீரென்று எழும்பும், பிறகு கோடு தட்டையாகும், மறுபடி எழும்பும். ஹலோதேன் மூளைப் புறணியை, அதாவது மூளையின் வெளிப்பகுதியை, அவ்வளவுக்கு அடக்குவதில்லை. லேசான ஹலோதேன் மயக்கத்தில் குதிரைக்கு விதையடிக்கும்போது, உடல் அசையாவிட்டாலும் அலைகளின் அதிர்வெண் மாறுவதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். இந்த இயல்பைப் பயன்படுத்தி நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தில் கன்றுகளுக்குக் கொம்பு வெட்டும்போது வரும் வலியைக்கூட ஆராய்ந்தார்கள். ஆனால் ஹலோதேன் இதயத்தை அதிகமாக அமுக்கும், இதயத் துடிப்பையும் குழப்பும். அதனால் சத்திரசிகிச்சைக்கு மற்ற இரண்டும்தான் இன்று அதிகம். எந்த வாயு நல்லது என்று ஒரே சொல்லில் மறுமொழி சொல்ல முடியாத துறை இது. வாய் பேசாத சீவனுக்கு வலிக்கிறதா என்று அளந்து பார்க்கத் துடிக்கும் பிள்ளையை நான் லேசாக எடுக்கமாட்டேன்.

இனி வேலை. இலங்கையில் குதிரைக்கு மட்டும் மயக்கமருந்து கொடுத்துப் பிழைக்க முடியாது. கொழும்பில் பொலிஸ் குதிரைப் பிரிவு, நுவரெலியாவில் பந்தயக் குதிரைகள், அவ்வளவுதான். இங்கே மிருக வைத்தியருக்கு வேலை மாடு, ஆடு, கோழி, நாய், பூனையோடு: அரச கால்நடை வைத்திய அலுவலகம், பண்ணை, தனியார் கிளினிக், பல்கலைக்கழகம். மயக்கவியல் நிபுணராவதற்கு வெளிநாடு போக வேண்டும். பட்டத்துக்குப் பிறகு உள்ளகப் பயிற்சி, அப்புறம் வழக்கமாக மூன்று வருட நிபுணத்துவப் பயிற்சி, பிறகு ஐரோப்பிய அல்லது அமெரிக்க மிருக மயக்கவியல் நிபுணர் கல்லூரியின் பரீட்சை. பேராதனைப் பட்டத்தோடு பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ உடனே தொழில் செய்யவும் முடியாது. அதற்குத் தனிப் பரீட்சை, தனிச் செலவு. புலமைப்பரிசிலோடு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போவது சாதாரண குடும்பத்துக்குக் கொஞ்சம் சுகமான பாதை.

ஆகவே மகளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வெளிநாடு சரிவராவிட்டால், வன்னியில் மழைக்குள் நின்று மாட்டுக்குப் பிரசவம் பார்க்கச் சம்மதமா? சம்மதம் என்றால் முதல் தெரிவாகவே போடட்டும். அவளை இழுப்பது விலங்கு இல்லை, மயக்கமும் மூளையும்தான் என்றால், மருத்துவம் படித்து, கொழும்பில் பட்டப்பின் மயக்கவியல் படிக்கும் வழி இருக்கிறது. அசையாமல் கிடக்கும்போது வலி தெரிகிறதா என்ற அதே கேள்வியை அங்கே மனிதரில் கேட்கலாம்.

இதைப் படிவம் நிரப்புவதற்கு முன் தீருங்கள். இரண்டுக்கும் இசட் புள்ளி போதுமாக இருந்தால், முன்னுக்கு எழுதியதுதான் கிடைக்கும். "மருத்துவத்தை இரண்டாவதாகப் போட்டு வைப்போம், பிறகு பார்ப்போம்" என்பது சரிவராது. அதற்குள் பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வைத்தியரிடம் கேட்டு, சில நாட்கள் அவரோடு வெளிவேலைக்குப் போய்ப் பார்க்கட்டும். நீங்களும் ஒருநாள் கூடப் போனால் நல்லது.

இந்த இரண்டில் எந்தப் பீடமானாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுவது பெரும்பாலும் அதனால்தான். கம்பஸ் தொடங்குமட்டும் இருக்கும் மாதங்களை அவள் ஆங்கிலத்துக்குக் கொடுக்கட்டும், அந்த ரியூசன் காசை மட்டும் குறைக்காதீர்கள்.