நிலாவெளி பஸ்ஸை வாசிக்கும் பிள்ளை

அன்பின் அண்ணாவுக்கு,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஒரே மகள். வரும் ஆவணியில் ஐந்து வயது முடிகிறது. போன விஜயதசமிக்குக் காளி கோயிலில் ஏடு தொடக்கினோம். அரிசியில் ‘அ’ எழுதி முடித்த கையோடு, “அடுத்தது என்ன?” என்று ஐயரையே கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஓய்வில்லை. றோட்டில் போகிற பஸ்ஸின் பலகையை வாசிக்கிறாள். இருநூறு வரை எண்ணுகிறாள். நாள் முழுக்கக் கேள்வி. நேற்றையது: “கச்சான் காத்து, கச்சான் விக்கிற இடத்திலயிருந்தா வருது?” நிலக்கடலையும் கச்சான், காற்றும் கச்சான் அல்லவா.

நேசரியில் மற்றப் பிள்ளைகள் நிறம் தீட்டி முடிக்கும் முன்னரே இவள் எழும்பித் திரிகிறாளாம். குழப்படி என்று ரீச்சர் சொன்னா. அதனால் இரண்டு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டு நானே வீட்டில் படிப்பிக்கத் தொடங்கினேன். டவுனில் ஆறு பயிற்சிக் கொப்பிகள் வாங்கினேன். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நேரசூசி போட்டுச் சுவரில் ஒட்டினேன். முதல் வாரம் வடிவாகப் போனது. இப்போது எட்டு மணியானால் வயிறு நோகிறது என்கிறாள். பென்சிலைக் கொடுத்தால் அழுகிறாள். பஸ் பலகை வாசிப்பது மட்டும் நிற்கவில்லை.

மாமி, “பிள்ளைக்குக் கண்ணூறு படப்போகுது, பேசாமல் நேசரிக்கு அனுப்பு” என்கிறா. கணவர் கட்டாரில். நான் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “இவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிச்சால் என்ன?” என்று கேட்கிறார். நான் ஏ.எல். (உயர்தரம்) வரை படித்தவள். என்னால் ஏலுமா? நான் செய்வது சரியா?

— ஒரு தாய், உப்புவெளி


அன்பின் தங்கைக்கு,

வயிற்றுநோவிலிருந்து தொடங்குகிறேன். அது பொய்யாக இருக்காது. ஒரு பாடவேளைக்கு வந்து மணி அடித்ததும் போய்விடும் வயிற்றுநோ எனக்கும் இருந்தது, ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு. நேசரியில் எதைத் தாங்காமல் உங்கள் மகள் எழும்பித் திரிந்தாளோ, அதையே நேரசூசியாக எழுதிச் சுவரில் ஒட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். நேசரியிலாவது சேர்ந்து குழப்படி செய்யப் பத்துப் பிள்ளைகள் இருந்திருக்கும். இங்கே ஒரு ரீச்சர், ஒரு பிள்ளை, ஆறு கொப்பி.

நாலே முக்கால் வயதுக்கு நாலு மணி நேரம் மிக அதிகம். ஒரே இருப்பில் பத்து நிமிடம், கூடிப்போனால் கால் மணித்தியாலம் காணும். அதுவும் அவளாகக் கேட்டு வந்தால். எங்கள் அரசாங்கப் பாடத்திட்டமே முதலாம் தரத்துக்கு விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்று வழி வைத்திருக்கிறது. அதில் விளையாட்டுத்தான் முன்னுக்கு நிற்கிறது, எழுத்துவேலை கடைசியில். கடையில் விற்கிற பயிற்சிக் கொப்பிக்காரர்கள் கடைசியை மட்டும் எடுத்து அச்சடித்துவிட்டார்கள். பாடப்புத்தகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையென்றால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது பஸ் பலகைதான். உங்கள் பக்கத்தால் நிலாவெளி பஸ் போகும், குச்சவெளி போகும், புல்மோட்டை போகும். ‘நிலா’ என்பதைப் பிள்ளை சந்தோசமாகச் சொல்லிவிடும். அடுத்த எழுத்தில்தான் வில்லங்கம். ‘வெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, வாயோ ‘வ்’வில் தொடங்க வேண்டும். இடமிருந்து வலமாகப் போய்ப் பழகிய கண் கொம்பில் முட்டி நின்றுவிடும். புல்மோட்டை இன்னும் பொல்லாதது. ‘மோ’வில் முன்னுக்கு இரட்டைக் கொம்பு, பின்னுக்கு அரவு, நடுவில் மகரம் அகப்பட்டுக் கிடக்கிறது. அது முடிந்த கையோடு ‘ட்டை’. பெரியவர்கள் நாங்கள் இதையெல்லாம் ஒரு பார்வையில் விழுங்கிவிடுவதால், அதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறதென்று மறந்துபோனோம்.

ஆகவே கவனித்துப் பாருங்கள். அவள் எழுத்தைக் கூட்டி வாசிக்கிறாளா, அல்லது பஸ்ஸின் நிறத்தையும் கொண்டக்டர் கூப்பிடுவதையும் வைத்து முழுச் சொல்லாகச் சொல்கிறாளா? ஒரு கடதாசித் துண்டில் ‘வெளி’ என்று மட்டும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். இன்னொன்றில் ‘வெயில்’. ஒன்றும் கேட்காதீர்கள். அவளாக நின்று பார்த்து, வாயசைத்து, ‘வெ’யை இரண்டிலும் பிடித்துவிட்டால் அவளுக்கு வாசிப்புப் பிடிபட்டுவிட்டது. பிடிபடாவிட்டாலும் குற்றமில்லை, அவசரமும் இல்லை.

அரிச்சுவடி 247 எழுத்து என்று பயப்படவும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216உம் பெரும்பாலும் ஒரே குறிகளை மாற்றி மாற்றிப் போடுவதுதான். கு, சு, டு, பு என்று உகர வரிசைதான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவாக முரண்டு பிடிக்கும். அதைப் பின்னுக்கு வையுங்கள். ‘அ’வில் தொடங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ட, ப, ம மூன்றையும் எடுங்கள். பெரும்பாலும் நேர்கோடும் மூலையுமாக இருக்கும், பிள்ளையின் கைக்கு வரும். இந்த மூன்றும் மேலே வைக்கிற ஒரு குற்றும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதலாம். பட்டம் என்று எழுதிய அன்று பின்னேரம் கடற்கரையில் ஒரு பட்டம் ஏற்றினால் அந்தச் சொல் அவளை விட்டுப் போகாது.

பென்சிலுக்கு அழுவதைப் பற்றி. கண்ணும் மூளையும் ஓடுகிற வேகத்துக்கு இந்த வயதில் விரல் வராது. வாசிக்கிற பிள்ளை எழுதவும் வேண்டும் என்று நாங்கள் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்துவிட்டுப் போனவர். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவ வேண்டும், பிறகுதான் பென்சில் என்பது அவருடைய முறை. இன்று ஒழுங்கைக்கு ஒழுங்கை அவர் பெயரில் பலகை தொங்குகிறது. உள்ளே போனால் பிள்ளைகள் நாலு கோட்டுக் கொப்பியில் ‘அ’வைப் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஐயர் அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவித்தாரே, அந்த நல்ல முறையை நாங்களும் ஒரு நாளோடு விட்டுவிடுகிறோம். உங்களுக்கு அரிசி வேண்டாம், உப்புவெளி மணல் கிடக்கிறது. ஈர மணலில் ஆளளவு ‘ம’ கீறட்டும். வீட்டில் பிட்டுக்கு மா குழைக்கட்டும், முருங்கையிலை உருவட்டும், நெத்தலிக்குத் தலை கிள்ளட்டும். அந்த விரல் பிறகு பென்சிலைத் தானே பிடிக்கும்.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். எங்கள் பேச்சு ஒன்று, புத்தகத்துத் தமிழ் வேறொன்று. எனக்குத் தெரிந்த ஒரு குட்டி, ‘சட்டியில் மீன் இருக்கிறது’ என்று வாசித்துவிட்டு, “மீன் எப்படி அப்பப்பா இருக்கும்? கிடக்குமெல்லோ!” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவள் கேட்டது நியாயம். அந்த நேரம் ‘பிழை, இப்படித்தான் சொல்ல வேண்டும்’ என்று பேச்சைத் திருத்தப் போகாதீர்கள். வீட்டுத் தமிழ், புத்தகத் தமிழ் என்று இரண்டு இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்குகிறது. பஸ் பலகையில் மேலே இருக்கும் சிங்கள எழுத்தைப் பற்றியும் கேட்பாள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். திருகோணமலையில் அதற்குப் பஞ்சமா?

இனி வீடியோவுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் மகனும் ஐந்து வயதுக்குள் வாசித்தான். காகமும் வடையும் கதை. வீட்டுக்கு யார் வந்தாலும், “தம்பி, வாசிச்சுக் காட்டு” என்பேன். கதிரையில் ஏறி நின்று வாசிப்பான். வந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கைதட்டுவார்கள். ஒருநாள் மூதூரிலிருந்து பெரியப்பா வந்தார். மூதூருக்குப் போகிற றோட்டில் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் அவர் லோஞ்சில்தான் வருவார். மகன் வாசித்துக்கொண்டிருக்கிறான். பெரியப்பா புத்தகத்தை எட்டிப் பார்த்தார். மெல்லக் கையை நீட்டி இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார். மகன் நிறுத்தவில்லை. அவன் வாயில் நரி இன்னும் மரத்தடியில் நின்று காகத்தைப் பாடச் சொல்லிக்கொண்டிருந்தது. திறந்திருந்த பக்கத்திலோ வடையோடு ஓடிப் போயிருந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரோடும் சேர்ந்து கைகூடத் தட்டினார். பின்னேரம் ஜெற்றியில் வைத்துத்தான், “தம்பி, அவன் உனக்கெல்லோ வாசிக்கிறான்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருடம் அவன் பள்ளிக்கூடப் புத்தகம் தவிர ஒன்றையும் தொடவில்லை. எட்டு வயதில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட் ஓட்ட விபரம் பார்க்கும் ஆசையில், யாருக்கும் சொல்லாமல் திரும்ப வாசிக்கத் தொடங்கினான். இந்தத் தடவை நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கண்ணூறில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் உங்கள் மாமி பாதி சரி. ஆவலுள்ள பிள்ளைக்குச் சலிப்பு வந்தால் அது தானாகவே ஏதாவது செய்து தீர்த்துக்கொள்ளும். பார்வையாளர் வந்தால் தப்ப வழியில்லை. கைதட்டலுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்கப் பழகிவிடும், தெரியாத சொல்லில் தடக்கி நிற்க வெட்கப்படும். தடக்குகிற இடத்தில்தானே படிப்பு நடக்கிறது. வீடியோவை நிறுத்துங்கள். கணவருக்குக் கவலையாக இருக்கும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். கட்டாரிலிருந்து தினமும் ஒரு வரி தமிழில் அவளுக்கென்று எழுதி அனுப்பட்டும். ‘இண்டைக்கு இங்க புழுதிக் காத்து’ என்றோ ‘அப்பா மத்தியானம் மீன் சாப்பிட்டன்’ என்றோ. நீங்கள் வாசித்துக் கொடுக்காதீர்கள். ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் விடலாமா என்ற கேள்விக்கு என் பதில் ‘வேண்டாம்’. முன்பள்ளி கட்டாயமில்லை, அதை நிறுத்தியதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஐந்து வயதிலிருந்து கதை வேறு. கட்டாயக் கல்வி முன்பு 14 வயது வரை இருந்தது, 2016இல் 16 ஆக்கினார்கள். முதலாம் தரத்துக்கு, சேருகிற ஆண்டின் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்குச் சரியாக வருகிறது. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கேட்பார்கள், அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த வாசலைத் தவறவிட்டால் பிறகு இடைத் தரங்களில் வெற்றிடம் தேடி அலைய வேண்டும். சில வீடுகளில் முழுப் படிப்பையும் தாய் தகப்பனே எடுத்து நடத்தி, வெற்றியும் கண்டிருக்கிறார்கள். அங்கே அனேகமாக இரண்டு பேர் வீட்டில் இருப்பார்கள், சேர்ந்து படிக்கவும் பிள்ளைகள் இருப்பார்கள். நீங்கள் தனி ஆள். 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது வீட்டுக்கு வீடு தாய்மார் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதுவரை இருக்கிற மாதங்கள் உங்களுடையவை. ஏ.எல். தாராளம். அந்தப் பத்து நிமிடம் போக மிச்ச நேரத்தில் அவளை உங்கள் வேலைக்குள் இழுத்துவிடுங்கள். கரைவலை இழுக்கிற நாளில் போய் நில்லுங்கள். இந்தக் காலத்தில் எங்கள் கடல் அடங்கித்தான் கிடக்கும். வலை ஏறியதும் எது சூடை, எது பாரை, எது கும்பளா என்று அங்கே நிற்கிறவர்களைக் கேட்கட்டும். ஒரு ஞாயிறு கன்னியாவுக்குக் கூட்டிப் போங்கள். ஏழு கிணறு, ஏழின் சூடும் ஒன்றுபோல் இருக்காது. இராவணன் கதையைப் பிறகு சொல்லலாம். முதலில் கையை நனைத்துப் பார்த்து எது கூடச் சூடு, எது குறைவு என்று அவளே ஒழுங்குபடுத்தட்டும். மாற்றி மாற்றிச் சொல்வாள், திரும்ப ஓடிப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். பொறுமையாக நில்லுங்கள். பின்னேரங்களில் அயல் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். தன் முறை வரும்வரை பொறுத்து நிற்க உங்களால் அவளுக்குப் படிப்பிக்க ஏலாது. அதற்கு இன்னொரு பிள்ளை வேண்டும்.

கடைசியாகக் கச்சான். உங்களுக்காக மட்டும் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடேறி எங்களிடம் வருகிறது. அங்கே வெள்ளம், இங்கே அனல். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு லேஞ்சியை (கைக்குட்டையை) நனைத்து, ஒன்றைக் காற்றுப் படுகிற கொடியிலும் மற்றதை அறைக்குள்ளும் போடச் சொல்லுங்கள். எது கெதியாய்க் காய்ந்தது, தண்ணி எங்கே போனது என்று அவளே கேட்பாள். காற்று வருகிற திசையைத் தென்னோலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். மற்றப் பாதிக் கேள்விக்கு, கடற்கரையில் கச்சான் விற்கிற அம்மாவிடம் கூட்டிப் போய், மகளின் வாயாலேயே கேட்க வையுங்கள்.

அந்த அம்மா என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள். வீடியோ வேண்டாம்.