இரண்டாம் பாகம் ஏன் ஏமாற்றியது?

கேள்வி: '48 ஹவர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தை ரசித்த நான், அதன் இரண்டாம் பாகமான 'அனதர் 48 ஹவர்ஸ்' பார்த்து நொந்துபோனேன். இயக்குநரும் நடிகர்களும் அவர்களேதானே?

பதில்: எனக்கும் அதே மனத்தாங்கல்தான். வால்டர் ஹில் இயக்கம், நிக் நோல்டி, எடி மர்பி என எல்லாம் இருந்தும் உயிர் இல்லை. 1982இல் வந்த முதல் படத்தில் அந்த மதுக்கடைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வெள்ளையர்கள் நிறைந்த கடைக்குள் போலீஸ் அடையாள வில்லையோடு நுழைகிறான் கைதி ரெஜி (மர்பி). வீசிய கண்ணாடிக் குவளையில் சுவர்க் கண்ணாடி நொறுங்க, கடையே அடங்கிப்போகிறது. மர்பிக்கு அதுதான் முதல் படம் என்றால் நம்பவா முடிகிறது!

அந்தப் படத்தில் போலீஸ்காரர் ஜாக்கும் (நோல்டி) ரெஜியும் ஒருவரை ஒருவர் வெறுத்தார்கள், அடித்துக்கொண்டார்கள். நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. 1990இல் வந்த இரண்டாம் பாகத்திலோ அவர்கள் ஏற்கெனவே நண்பர்கள். அதை மறைக்க ஒரு சண்டையைச் செயற்கையாக மூட்டுகிறார்கள். வெளியீட்டுக்கு முன் படத்தை வெகுவாக வெட்டியதும் பெரிய தவறு. ஒளிந்திருக்கும் எதிரி யார் என்பது தெரியும்போது நமக்குத் திடுக்கிடவே தோன்றுவதில்லை. அந்த மனிதரோடு நம்மைப் பழகவிட்டால்தானே! சிறைப் பேருந்து உருளும் காட்சி மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.