பாட்டைக் கொண்டு வந்தவர்தான் அந்தப் பாட்டுக்குப் பொறுப்பு

கேள்வி:

அண்ணா, நாங்க கோயம்புத்தூர்ல ஆறு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வச்சிருக்கோம். எல்லாருமே வேலைக்குப் போறவங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் ஜாம் ரூம் எடுத்து வாசிப்போம். நான் பேஸ் கிட்டார், கீழ் சுரங்களை வாசிக்கிறவன். முதல்ல நல்லாதான் போச்சு, இப்ப ஒவ்வொரு ப்ராக்டிஸும் சண்டையிலதான் முடியுது. கீபோர்டு வாசிக்கிறவன் இளையராஜா பாட்டுன்னா ஒரு நோட் மாறினாலும் விடமாட்டேங்கிறான், லீட் கிட்டார்காரன் எல்லாத்தையும் ராக்கா மாத்தணும்ங்கிறான். ட்ரம்ஸ் வாசிக்கிற அண்ணன் பாடுறவங்க குரலே கேக்காத அளவுக்கு அடிக்கிறார், வேகமும் ஏறிக்கிட்டே போகுது, வயசுல பெரியவர்ங்கிறதால சொல்லவும் முடியல. பாடுற பொண்ணுக்காக ஸ்கேல் மாத்துன்னா கிட்டார்ல அது வராதுன்னு பதில் வருது. கீபோர்டுல இடது கையிலயே பேஸையும் வாசிச்சிடுறான், நான் எதுக்கு நிக்கிறேன்னே தெரியல. எங்க சொந்தப் பாட்டு ஒண்ணு இருக்கு, அது யாரோடதுன்னு வேற தகராறு. போன வாரம் லீட் கிட்டார் வாட்ஸாப் குரூப்ல இருந்து வெளியே போயிட்டான். அடுத்த மாசம் ஒரு ஃப்ரெண்டோட ரிசப்ஷன்ல வாசிக்கிறதா ஒத்துக்கிட்டிருக்கோம். கலைச்சிடலாமா?

பெயர் வேண்டாம், கோவை

பதில்:

தம்பி, கலைக்காதீங்க. நீங்க எழுதியிருக்கிறது எல்லாம் ரசனைச் சண்டை மாதிரி தெரியுது, ஆனா எனக்கு அப்படிப் படல. ஒருத்தருக்கு ஒரிஜினல் மாதிரியே இருக்கணும், இன்னொருத்தருக்கு மாத்திப் பார்க்கணும், இது எல்லா பேண்டுலயும் இருக்கிறதுதான், ஆறு பேருக்கும் ஒரே ரசனைன்னா அந்த பேண்டு சீக்கிரமே போரடிச்சிடும். உங்ககிட்ட குறையுறது வேற ஒண்ணு. எந்த விஷயத்துல யார் சொல்றதுதான் முடிவுன்னு நீங்க ஒருநாள் கூட உக்காந்து பேசினதே இல்ல, அதனால ஒவ்வொரு பாட்டுலயும் ஒவ்வொரு வரியிலயும் அந்தக் கேள்வி புதுசா வந்து நிக்குது, யாருக்கு அன்னைக்குக் குரல் பெருசோ அவங்க ஜெயிக்கிறாங்க, மத்தவங்க மனசுல வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க.

நம்ம ஊர்லயே ரெண்டு பெரிய உதாரணம் இருக்கு பாருங்க. இளையராஜா ரெக்கார்டிங்னா ஒவ்வொரு கருவிக்கும் என்ன வாசிக்கணும்னு நோட்டேஷன் முன்னாடியே எழுதியிருக்கும், வந்து உக்காந்து அதை வாசிக்கணும். ரஹ்மான் பக்கம் வேற மாதிரி, வாசிக்கிறவங்களை விட்டுப் பிடிப்பார், அவங்க மனசுல தோணுறதை வாசிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணி அதுல இருந்து தனக்கு வேணும்ங்கிறதை எடுத்துக்குவார். இந்த ரெண்டு முறையிலயும் எப்பேர்ப்பட்ட பாட்டெல்லாம் வந்திருக்குன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு இடத்துலயும் உள்ள நுழையுற ஆளுக்கு இங்க எப்படி வேலை நடக்கும், முடிவு யாரோடதுன்னு தெளிவாத் தெரியும். உங்க ரூம்ல கீபோர்டு தம்பி முதல் முறையில இருக்கார், கிட்டார் தம்பி ரெண்டாவது முறையில இருக்கார், ரெண்டும் ஒரே பாட்டுக்குள்ள ஒரே நேரத்துல நடந்தா எப்படிங்க ஒத்துப் போகும்.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். யார் அந்தப் பாட்டைக் கொண்டு வர்றாங்களோ அந்தப் பாட்டுக்கு அவங்கதான் பொறுப்பு. கீபோர்டு தம்பி கொண்டு வர்ற பாட்டா, ஒரிஜினல்ல இருக்கிற மாதிரியே வாசிக்கணும்னு அவர் சொன்னா கிட்டார் தம்பி இன்டர்லூடை அப்படியே எடுத்து வாசிக்கணும், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. கிட்டார் தம்பி கொண்டு வர்ற பாட்டா, பல்லவியையே டிஸ்டார்ஷன்ல, அந்தக் கரகரப்பான ராக் சத்தத்துல ஆரம்பிக்கலாம், கீபோர்டு அங்க பேடு, அதாவது நீட்டி ஒலிக்கிற கார்டு புடிச்சுக்கிட்டு பின்னாடி நிக்கணும். யாரு வேணா யோசனை சொல்லலாம், சொல்லணும், ஆனா எடுத்துக்கிறதும் விடுறதும் பொறுப்பானவர் இஷ்டம். ஓட்டெடுப்பு மட்டும் வேண்டாம், ஆறு பேர்ல மூணுக்கு மூணுன்னு நிக்கும், நாலுக்கு ரெண்டுன்னு வந்தாலும் தோத்த ரெண்டு பேர் அந்தப் பாட்டை அரை மனசோடதான் வாசிப்பாங்க, அது கேக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும்.

ஒரு யோசனை நல்லா இருக்குமா இருக்காதான்னு அங்கேயே நின்னு வாதாடுறதையும் நிறுத்துங்க. ரெண்டு விதமாவும் ஒருதடவை வாசிச்சிடுங்க, ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, போனை ட்ரம்ஸ் பக்கத்துல வைக்காம ரூம் மூலையில வைங்க. அன்னைக்கே கேக்காதீங்க, மறுநாள் தனித்தனியா கேளுங்க. கையில கருவி இருக்கும்போது நாம வாசிச்சது மட்டும்தான் நமக்குக் கேக்கும், மறுநாள் கேட்டாதான் பாட்டு கேக்கும், பாதிச் சண்டை அங்கேயே தீந்துடும்.

ட்ரம்ஸ் அண்ணனோட வேகப் பிரச்சனைக்கும் இதே ரெக்கார்டிங்தான் மருந்து. எல்லார் முன்னாடியும் "அண்ணே வேகம் போறீங்க"ன்னா எந்த ட்ரம்மரும் ஒத்துக்க மாட்டார், ஏன்னா அவருக்கு உள்ளுக்குள்ள அது சரியாத்தான் இருக்கும். பெரும்பாலும் சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்புற இடத்துல அடிக்கிற ரோல்லதான் வேகம் ஏறும். ஆரம்பத்துல நிமிஷத்துக்கு 96 தட்டுல இருந்த பாட்டு முடியும்போது 108-ல இருக்குன்னு வச்சுக்கங்க, வேகத்தைத் தட்டிக் காட்டுற மெட்ரோனோம் ஆப்போட அந்த ரெக்கார்டிங்கைத் தனியா அவருக்குப் போட்டுக் காட்டுங்க, அவரே புரிஞ்சுக்குவார். அப்புறம் ஒரு காதுல அந்த மெட்ரோனோம் க்ளிக்கைப் போட்டு வாசிச்சுப் பழகச் சொல்லுங்க. பேஸ் வாசிக்கிற நீங்களும் அதுல பொறுப்பு எடுத்துக்கணும், ட்ரம்மர் ஓடினா பின்னாடியே ஓடுறது பேஸ்காரர்தான், நீங்க இழுத்துப் பிடிச்சா அவரும் நிப்பார்.

சத்தம் விஷயம் கொஞ்சம் சீரியஸ். 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருந்தா காதுக்கு அதுதான் எல்லைன்னு வச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாக் குறையும், 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்தான். சின்ன ரூம்ல ட்ரம்ஸும் ரெண்டு ஆம்ப்ளிஃபையரும் ஓடினா 100 சாதாரணமா வந்துடும், நீங்க மணிக்கணக்கா உள்ள இருக்கீங்க. காதுக்கு இயர்ப்ளக் வாங்குங்க, ஆறு பேரும். சவுண்டை அட்ஜஸ்ட் பண்ற வரிசையையும் மாத்துங்க, இப்ப ட்ரம்ஸ்ல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா ஏத்திக்கிட்டே போய் கடைசியில மைக் கீச்சுன்னு கத்தி ஃபீட்பேக் அடிக்குது இல்லையா, அதைத் தலைகீழாப் பண்ணுங்க. முதல்ல பாடுறவங்க மைக்கை ஃபீட்பேக் வராத அளவுக்கு ஏத்திடுங்க, அந்தக் குரலுக்குக் கீழ மத்த எல்லாரும் வரணும். அண்ணனை ரூமுக்குள்ள சாதாரண ஸ்டிக்குக்குப் பதிலா ராட்ஸ்ல, அதாவது மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டின ஸ்டிக்ல வாசிக்கச் சொல்லிப் பாருங்க, நல்லாவே அடங்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபையர் தரையில இருந்து முட்டிக்கு வாசிக்குது, அதனாலதான் அவருக்குக் கேக்காம ஏத்திக்கிட்டே போறார், ஒரு ஸ்டூல் மேல வச்சுக் கொஞ்சம் சாய்ச்சு முகத்தைப் பார்த்துத் திருப்பி விடுங்க, தானாவே குறைச்சிடுவார்.

இப்ப ஸ்கேல், அதாவது சுருதி. இதுல எனக்கு ரெண்டு பேச்சே கிடையாது. பாடுறவங்க தொண்டைக்கு எது ஒத்து வருதோ அதுதான் ஸ்கேல், அவ்வளவுதான். நம்ம கச்சேரி மரபுல ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை சுருதியை ஒட்டிப் பாடுவாங்க, பெண்கள் அஞ்சு, அஞ்சரைன்னு பாடுவாங்க, அதை யாரும் குறைன்னு சொன்னதில்ல. ஆண் பாடின பாட்டை ஒரு பொண்ணு பாடணும்னா நாலஞ்சு செமிடோனாவது, அதாவது நாலஞ்சு அரைச் சுரமாவது நகர்த்த வேண்டி வரும். கீபோர்டுல ஸ்கேலை மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, கிட்டாருக்குக் கழுத்துல மாட்டுற கேப்போ கிளிப் இருக்கு, பேஸ்ல நீங்க கையை நகர்த்தினா போதும், மனுஷத் தொண்டையில அப்படி ஒரு வசதி இல்ல. இ மைனர்ல இருக்கிற பாட்டை ஏ மைனருக்கு ஏத்தினா கேப்போ கூட வேண்டாம், ஓப்பன் கார்டுலயே வரும். ஒரு லிக், அதாவது கிட்டார்ல வாசிக்கிற சின்ன துணுக்கு, ஓப்பன் ஸ்ட்ரிங் இல்லாம வரலைன்னா அந்த லிக்கை மாத்தணும், பாட்டை இல்ல. உங்க லெட்டர் முழுக்க அந்தப் பொண்ணு என்ன நினைக்குதுன்னு ஒரு வரி கூட இல்ல தம்பி, அதையும் கேளுங்க, அவங்க கொண்டு வர்ற பாட்டு எதுன்னும் கேளுங்க.

உங்க இடம் பத்தி. பேஸோட கடைசி ஸ்ட்ரிங் கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ், கிட்டாரோட கடைசி ஸ்ட்ரிங் 82. அந்தக் கீழ் பகுதியில ரெண்டு பேர் வாசிச்சா காதுக்கு ரெண்டு பேஸ் கேக்காது, கொழகொழன்னு ஒரு சத்தம்தான் கேக்கும், காலால அடிக்கிற கிக் ட்ரம்மும் அதுக்குள்ளயே மூழ்கிடும். கீபோர்டு தம்பி கெட்ட எண்ணத்துல பண்ணல, வீட்டுல தனியா வாசிச்சுப் பழகினவங்க எல்லாருக்கும் இடது கை தானாவே பேஸுக்குப் போயிடும். கீபோர்டு நடுவுல இருக்கிற சி-க்கு ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்குக் கீழ இடது கை இறங்கக் கூடாதுன்னு ஒரு எல்லை போட்டுக் கேளுங்க, ஆனா கேக்குறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டோட பேஸ் லைனை நீங்க முழுசா, ஒரு நோட் விடாம கத்துக்கிட்டுப் போங்க. இளையராஜா பாட்டுல பேஸ் லைன் தனியா ஒரு பாட்டு மாதிரி ஓடும், அதை வெறும் ரூட் நோட்ல, கார்டோட அடிப்படைச் சுரத்துல மட்டும் ஒப்பேத்தினா அவருக்கு இடது கை சும்மா இருக்காது, அதுல அவர் பக்கமும் நியாயம் இருக்கு.

லீட் கிட்டார் தம்பி குரூப்ல இருந்து போனதை நினைச்சு ரொம்ப உடைஞ்சு போகாதீங்க. 1969 ஜனவரி 10-ம் தேதி இங்கிலாந்தோட பீட்டில்ஸ் பேண்டுல இருந்து அவங்க லீட் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் கிளம்பிப் போயிட்டார், அவரோட பாட்டுகளுக்கு அங்க இடம் கிடைக்கல, எப்படி வாசிக்கணும்னு அடுத்தவங்க சொல்லிக்கிட்டே இருந்தது வேற. பத்து நாளைக்கு மேல ஆச்சு திரும்பி வர்றதுக்கு, அதுவும் சும்மா வரல, உக்காந்து பேசி, அவர் சொன்னதை மத்தவங்க ஒத்துக்கிட்டு, வாசிக்கிற இடத்தையே மாத்தினாங்க. வந்ததுக்கப்புறம் பில்லி ப்ரெஸ்டன்னு வெளியாள் ஒருத்தரை கீபோர்டு வாசிக்கக் கூட்டிட்டு வந்தாங்க, அவர் வந்து உக்காந்ததும் ரூமே மாறிடுச்சு, விருந்தாளி முன்னாடி யாரும் சண்டை போடல. உங்களுக்கும் தெரிஞ்ச ஒரு வயலினோ தபலாவோ வாசிக்கிறவங்க இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்களேன். ஆனா அதுக்கு முன்னாடி கிட்டார் தம்பிக்கு ஒருத்தர் போன் பண்ணணும், அது நீங்களா இருக்கட்டும், கீபோர்டு தம்பி வேண்டாம். மெசேஜ் அனுப்பாதீங்க. "திரும்ப வா"ன்னு ஆரம்பிக்காம "உனக்கு எந்தப் பாட்டை உன் இஷ்டத்துக்குப் பண்ணணும், சொல்லு, அதுக்கு நீதான் பொறுப்பு"ன்னு கேளுங்க. அவர் வேற எந்தக் காரணத்தையாவது சொன்னா குறுக்கே பேசாம முழுசாக் கேட்டுக்குங்க.

சொந்தப் பாட்டுக்கு வர்றேன். 1957 காப்பிரைட் சட்டப்படி மெட்டு போட்டவருக்கு மெட்டுல உரிமை, வரி எழுதினவருக்கு வரியில உரிமை, ரெண்டும் தனித்தனி. ஒருத்தர் போட்ட மெட்டுக்கு இன்னொருத்தர் ரெண்டு கார்டு மாத்திக் கொடுத்தா அவரும் கம்போசரான்னு கேட்டா அதுக்கு நேரான பதில் இல்ல, அதனாலதான் பெரிய பேண்டுகளே இதுல பட்டுத் தெளிஞ்சாங்க. அமெரிக்காவோட ஆர்.இ.எம். பேண்டு ஆரம்பத்துல இருந்தே யார் எழுதினாலும் நாலு பேர் பேரையும் போட்டாங்க, இங்கிலாந்தோட க்வீன் பேண்டு வருஷக்கணக்கா யார் பாட்டு ஆல்பத்துல வரணும், யார் பாட்டு சிங்கிளா வரணும்னு இழுபறி நடத்திட்டு 1989-லதான் நாலு பேர் பேர்லயும் போட ஆரம்பிச்சாங்க. உங்க அளவுக்கு என் அபிப்பிராயம், மெட்டுன்னு அதைப் போட்டவர் பேரு, வரின்னு எழுதினவர் பேரு, இசைக்கோர்ப்புன்னு பேண்டோட பேரு, இப்படிப் போட்டா யாருக்கும் குறை இருக்காது. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. ரிசப்ஷன்ல வர்ற பணத்துலயும் முதல்ல ஜாம் ரூம், வண்டி, சவுண்ட் வாடகைன்னு செலவைக் கழிச்சிட்டு மீதியை ஆறாப் பிரிங்க, பாடுறவங்களுக்கு அதிகம், ட்ரம்ஸுக்குக் கம்மின்னெல்லாம் ஆரம்பிச்சா அது நிக்காது.

ரிசப்ஷனைப் பொறுத்தவரைக்கும் நான் கீபோர்டு தம்பி பக்கம். அங்க வர்றவங்க டிக்கெட் வாங்கி உங்க பேண்டைப் பார்க்க வரல, பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க வர்றாங்க, சாப்பிட்டுக்கிட்டே தெரிஞ்ச பாட்டு தெரிஞ்ச மாதிரி கேட்டா சந்தோஷப்படுவாங்க, ப்ரீலூட் ஆரம்பிச்ச உடனே திரும்பிப் பார்க்கிறாங்க பாருங்க, அது ஒரிஜினலுக்குக் கிடைக்கிற மரியாதை. பதினஞ்சு பாட்டுன்னா பன்னெண்டு அப்படியே இருக்கட்டும், மூணு கிட்டார் தம்பியோடது. அந்த மூணையும் கடைசிக்குத் தள்ளாதீங்க, பத்து மணிக்கு மேல மூடின ஹாலுக்கு வெளியே லவுட்ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000-ல வந்த ஒலி மாசு விதியிலயே இருக்கு, எல்லாம் கொஞ்சம் லேட்டாப் போய் மண்டபத்துக்காரர் கரெக்டா பத்துக்கு நிறுத்தச் சொன்னா வெட்டுப்படுறது கிட்டார் தம்பி பாட்டாத்தான் இருக்கும், அப்புறம் இந்தத் தடவை போனவர் நிஜமாவே திரும்பி வரமாட்டார். நடுவுல, கூட்டம் நிறைஞ்சிருக்கிற நேரத்துல போடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கருவியை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பதினஞ்சையும் எழுதி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பொறுப்பானவர் பேரைப் போடுங்க, அதுல ஒரு பாட்டுக்கு நேரா உங்க பேரும் இருக்கணும்.