சீயானின் கம்பு

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்றை எடுத்துக்கொண்டேன். மூன்றிலும் மலை இருக்கிறது. ஆடி பிறந்தாலே நம் பக்கத்து ஆட்களுக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும்போல.

கேள்வி: எங்கள் தாத்தா அழகர்மலை நூபுர கங்கையிலிருந்து பிடித்து வந்த தண்ணீர், பித்தளைச் செம்பில் சாமி அலமாரியில் அப்படியே இருக்கிறது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. கீழே ஊற்றவும் மனசில்லை, வைத்திருக்கவும் ஒரு மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம் அக்கா?
- ஒரு வாசகி, தல்லாகுளம்

பதில்: முதலில் செம்பைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் காற்றே குடித்திருக்கும். அழகருக்கு நூபுர கங்கைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் திருமஞ்சனம் கிடையாது. சித்திரையில் மதுரைக்கு வரும்போதும் அந்தத் தண்ணீர் கூடவே வரும். அவருக்கே புதுசாகப் பிடித்துத்தான் கொண்டுவருகிறார்கள், மூன்று வருடப் பழசை யாரும் ஊற்றுவதில்லை. மிச்சத்தைத் துளசிக்கு ஊற்றிவிட்டு, செம்பைப் புளி போட்டுத் தேயுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மேலே போய், ராக்காயி அம்மனைக் கும்பிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து வாருங்கள். குரங்குகள் பிடுங்க வரும், செம்பு பத்திரம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. இந்த ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியே தீருவேன் என்கிறார். அழைத்துப் போகலாமா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: டாக்டர் சரி என்று சொன்னால் போங்கள். ஆனால் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் வேண்டாம், இன்னொரு அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். தாணிப்பாறையிலிருந்து ஏறினால் இளவட்டங்களுக்கே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 2015 மே மாதம் அமாவாசைக்கு ஏறியவர்கள் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் மாட்டி, உயிர்ப்பலியே ஆனது. அதனால் மேலே இருட்டிக்கொண்டு வந்தால் அப்பா என்ன கோபப்பட்டாலும் அடிவாரத்திலேயே உட்கார வையுங்கள். எந்தெந்த நாளில் ஏற விடுகிறார்கள் என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் சீயான், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, போன ஆவணியில் இறந்தார். 84 வயது. சாப்டூர் வழியாக 38 வருடம் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியவர். ஏழு பிள்ளைகளை ஆளாக்கியவர். வருஷத் திதிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று சித்தப்பாக்கள் முடிவு செய்து, படித்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ‘பாசத்தின் உருவமே, பண்பின் சிகரமே’ என்றுதான் வருகிறது. இன்னொரு விஷயம். முழங்கால் போன பிறகு கடைசி ஐந்து வருடம் அவரால் ஏற முடியவில்லை. “என்னைத்தான் தூக்க முடியாது, கம்பையாவது மேல கொண்டுபோய்ச் சாமிகிட்டக் காட்டிட்டு வாடா” என்று என்னிடம் கொடுத்து அனுப்புவார். இரண்டு வருடம் கொண்டுபோனேன். மூன்றாவது வருடம் நண்பர்களோடு போனேன், அவர்கள் கேலி செய்வார்கள் என்று கம்பை அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு ஏறினேன். திரும்பி வந்து “காட்டிட்டேன் சீயான்” என்றேன். வாங்கித் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் புத்தகத்தில் எழுதலாமா?
- பெயர் வேண்டாம், எழுமலை

பதில்: தம்பி, ‘பண்பின் சிகரமே’வைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்தப் பாவத்தைச் செய்தவள்தான். எங்கள் தாத்தாவுக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்தபோது ‘அன்பின் இமயமே’ என்று எழுதிக் கொடுத்தது நான். எனக்கு அப்போது இருபது வயது. இமயத்தை அவர் காலண்டரில்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த மலை ஒன்றே ஒன்று, அழகர்மலை. எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். சாயங்காலம் களத்துமேட்டில் நின்றால் சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் இறங்கும். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கும்பிடு போடுவார். சூரியனுக்கா, அழகருக்கா, அடிவாரத்துக் கருப்பனுக்கா என்று நாங்கள் கேட்டதில்லை.

அவரைப் பற்றி இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு புளியமரத்துக் கதைதான். அதுவும் அவர் செத்து வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது. தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் வரப்பில் நின்ற ஒரு புளியமரம் யாருக்கு என்று தகராறு. பேசிப் பேசி முற்றி, “பதினெட்டாம்படியான் வாசல்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு, விட்டுர்றேன்” என்று சின்னத் தாத்தா சொல்லிவிட்டார். அழகர்கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கருப்பசாமிக்கு உருவம் கிடையாது. சாத்திய கதவு, அதில் அப்பிய சந்தனம், ஆள் உயர அரிவாள்கள். அந்தக் கதவுக்கு முன்னால் பொய் சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் நாக்கு வராது. அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவர் நகைக்கணக்கையே கருப்பனிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார் என்றால் பாருங்கள்.

அண்ணனும் தம்பியும் குளித்துவிட்டு, விடியற்காலையில் பேசாமல் நடந்தே போயிருக்கிறார்கள். கையில் சூடத்தோடு தாத்தா கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். தீக்குச்சியைக் கிழிக்கும்போது பக்கத்தில் பார்த்தால் தம்பிக்குக் கால் வெடவெடவென்று ஆடுகிறது. தாத்தா குச்சியை ஊதி அணைத்துவிட்டு, “மரத்த நீயே வச்சுக்க, வா, பசிக்குது” என்று சொல்லிவிட்டாராம். இரண்டு பேரும் அழகர்கோயில் தோசை வாங்கித் தின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். அப்பத்தா ஒரு மாதம் தாத்தாவோடு பேசவில்லை. நல்ல காய்ப்பு மரம், கோபம் வராமல் என்ன செய்யும்? அதற்கப்புறம் ஒவ்வொரு பங்குனிக்கும் சின்னத் தாத்தா வீட்டிலிருந்து ஓலைப்பெட்டி நிறையப் புளி வரும். ஏன் வருகிறது என்று தெரியாமலே பத்து வருடம் அந்தப் புளியில் குழம்பு வைத்துத் தின்றிருக்கிறோம். உண்மையில் மரம் யாருடையது என்பது இன்றுவரை தெரியாது. சத்தியம் பண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னது சின்னத் தாத்தாவின் மகள், ஒரு கல்யாண வீட்டில், வெற்றிலை மடித்துக்கொண்டே. நான் கேட்கவில்லை, தானாக வந்தது. ‘இமயமே’ எழுதிய பிள்ளை, பந்தலுக்கு வந்தவர்களிடம் நாலு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். சீயானோடு மலை ஏறியவர்கள் இரண்டு, மூன்று பேராவது எழுமலையிலும் சாப்டூரிலும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். ‘எப்படிப்பட்டவர்?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘தங்கமான மனுசன்’ என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கட்டுச்சோற்றை எந்த ஊற்றில் பிரித்தார், யாருக்கு முதல் உருண்டை கொடுத்தார், செருப்பை எங்கே கழற்றினார், இறங்கும்போது யாரைத் திட்டிக்கொண்டு வந்தார் என்று கேளுங்கள். பேச்சு வளரும்.

அப்பத்தா இருக்கிறாரா? கடிதத்தில் சொல்லவில்லை. இருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். மானாவாரிக் காட்டில் மழையைப் பார்த்து விதை போடுகிற மாதம் அது. அந்த மாதத்தில்தான் 38 வருடமும் சீயான் மலைக்குப் போயிருக்கிறார். அந்த நாட்களில் ஏழு பிள்ளைகளையும் மாட்டையும் வைத்துக்கொண்டு காட்டில் நின்றது யார்? சாமியைக் கும்பிட்டது சீயான் என்றால் அவரைக் கும்பிட அனுப்பி வைத்தது அப்பத்தா. அவர் சொல்வதில் கொஞ்சம் வசவும் இருக்கும். அதை வெட்டிவிடாதீர்கள். சித்தப்பாக்கள் முகம் சுளித்தால், ‘மதுரை அக்கா சொன்னாள்’ என்று என் பேரில் போட்டுவிடுங்கள். செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பதிவு செய்ய வேண்டாம். மொச்சை உரிக்கும்போது நீங்களும் ஒரு கை உரியுங்கள், போதும்.

இப்போது கம்பு. எழுதலாமா என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால் புத்தகத்தின் முதல் பக்கமே அதுதான். பிறந்த ஊர், கட்டிய வீடு, பெற்ற பிள்ளைகள் எல்லாம் பின்னால் வரட்டும். நீங்கள் செய்தது தப்புத்தான், இல்லை என்று சொல்லித் தேற்ற மாட்டேன். ஆனால் கால் போன பிறகும் மலைக்கு ஆள் அனுப்பிய மனிதர் அந்த ஒரு பத்தியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறார். அதை மறைத்துவிட்டு ‘பண்பின் சிகரமே’ போட்டால் சிகரம் மட்டும்தான் இருக்கும், சீயான் இருக்க மாட்டார்.

எழுதும்போது இரண்டு விஷயம் மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். வாங்கித் தடவினார் என்கிறீர்களே, எந்தப் பக்கத்தை? மேலே போய் வந்த கம்பு என்றால் அடிப்பூணில் புதுக் கீறல் விழுந்திருக்கும், மண் அப்பியிருக்கும். 38 வருடம் அதை ஊன்றி ஏறியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரியும். கைப்பிடியைத் தடவினார் என்றால் சரி. அடிப்பக்கத்தைத் தடவினார் என்றால் டீக்கடை வரைதான் போனது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம், கடைசி ஐந்து வருடம் என்று சொல்லிவிட்டு மூன்று வருடத்துக்குத்தான் கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான்காவது ஆடிக்கும் ஐந்தாவது ஆடிக்கும் கம்பை யார் கையில் கொடுத்தார்?