தாளின் மூலையா, நிலத்தின் மூலையா? சர்வே டிராயிங் கேள்வி-பதில்

ஆட்டோகேடில் (வரைபட மென்பொருள்) மனையின் மூலையில் ஐடி (புள்ளியின் ஆயத்தொலைவைச் சொல்லும் கட்டளை) கொடுத்தால் 187.35, 96.20 என்று வருகிறது. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியிலிருந்து இறக்கியபோது அதே கல்லுக்கு 3,89,000 சொச்சம் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய எண்) இருந்தது. ஃபைல் கெட்டுவிட்டதா? (செங்கல்பட்டு)

ஃபைலுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நிற்கும் இடம்தான் வேறு. அச்சுத்தாளைக் காட்டும் லேஅவுட் டேபில், நிலம் தெரியும் ஜன்னலான வியூபோர்ட்டுக்கு வெளியே இருந்துகொண்டு புள்ளியைத் தொட்டிருக்கிறீர்கள். அங்கே வரும் எண், அச்சாகும் பகுதியின் இடது கீழ் மூலையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்பது. அது தாளின் முகவரி. கல்லின் முகவரி, நிலத்தை நிஜ அளவில் வரையும் மாடல் ஸ்பேஸில் இருக்கிறது. வியூபோர்ட்டுக்குள் இரட்டை கிளிக் செய்துவிட்டு மறுபடி ஐடி கொடுங்கள், 3,89,000 திரும்பி வந்துவிடும். திரையின் இடது கீழே மூலைமட்டம் மாதிரி முக்கோணம் தெரிந்தால் தாளில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உங்களுக்கு ஆறு இலக்க எண் இருந்ததால் சந்தேகம் வந்தது. சின்ன வேலைகளில் 100, 100 என்று கற்பனையாக ஸ்டேஷன் (கருவி நிற்கும் புள்ளி) வைத்து அளப்பவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. 187.35 என்பது மீட்டரா மில்லிமீட்டரா என்று யாருக்குத் தெரியும்? அதை அப்படியே ஸ்டேக்-அவுட்டுக்கு (எண்ணை வைத்து நிலத்தில் கல் நடும் வேலைக்கு) ஏற்றிவிட்டால் கல் பக்கத்து வயலுக்குப் போகும். அதனால் கற்பனை ஸ்டேஷன் வைக்கும்போது நான் ஈஸ்டிங் 5000, நார்த்திங் (வடக்கு நோக்கிய எண்) 10000 என்றுதான் தொடங்குவேன். ஏ0 தாளின் நீளமே 1189 மி.மீ.தான். 5000 என்ற எண் தாளிலிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு எண்ணும் வேறாக இருப்பதால் ஈஸ்டிங்கும் நார்த்திங்கும் இடம் மாறினாலும் உடனே கண்ணில் படும்.

1:500-க்கு வியூபோர்ட்டில் என்ன போட வேண்டும்? 1:500 என்றே தேர்ந்தெடுத்தால் படம் புள்ளியாகிவிடுகிறது.

உங்கள் மாடல் மீட்டரில், தாள் மில்லிமீட்டரில். 1:500-இல் ஒரு மீட்டர், தாளில் 2 மி.மீ. எனவே ஜூம் கொடுத்து 2எக்ஸ்பி (மாடலின் ஓர் அலகு தாளில் 2 அலகு) போடுங்கள். 1:1000-க்கு 1எக்ஸ்பி, 1:200-க்கு 5எக்ஸ்பி. போட்டதும் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள்.

ரோடு சாய்வாக இருப்பதால் டிராயிங் ஏ3-இல் கோணலாக உட்காருகிறது. ரொட்டேட் செய்து நேராக்கி, ஒரு மூலையை 0,0-க்கு நகர்த்திக் கொடுக்கச் சொல்கிறார் என் முதலாளி. செய்யலாமா? (ஈரோடு)

செய்யாதீர்கள். இதில் நான் பட்ட அடி கொஞ்சமல்ல.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், நானே என் கையால் இப்படி ஒரு டிராயிங்கைத் திருப்பி, தென்மேற்கு மூலையை 0,0-இல் வைத்து, அதன் மேலேயே சேவ் செய்துவிட்டேன். பிரிண்ட் அழகாக வந்தது. ஆறு மாதம் கழித்து நிலத்துக்காரர் வந்தார். ஜேசிபி விட்டு மட்டம் அடித்ததில் கல் எல்லாம் போயிற்று, திரும்ப நட்டுக்கொடுங்கள் என்றார். டிராயிங்கைத் திறந்தால் எல்லாம் 0-இலிருந்து 90 வரையிலான எண்கள். மூல ஃபைல் இல்லை. நல்லவேளை, வேலியோரம் இரண்டு கல் தப்பியிருந்தன. அவற்றை ஜிபிஎஸ்ஸில் எடுத்து, டிராயிங்கில் இருந்த அதே இரண்டு கற்களோடு அலைன் கட்டளையால் (படத்தை நகர்த்தித் திருப்பிப் பொருத்துவது) பொருத்தி மீட்டோம். அலைன் கடைசியில் ஸ்கேல் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். நாலு சென்டிமீட்டர் முரண் இருந்தால் அது முரணாகவே தெரியட்டும். ஆமாம் என்றால் மொத்த மனையையும் இழுத்து அந்த முரணை மறைத்துவிடும்.

தாளுக்காக நிலத்தைத் திருப்ப வேண்டியதில்லை, பார்வையைத் திருப்பினால் போதும். வியூபோர்ட்டுக்குள் போய் யூசிஎஸ்ஸை (எக்ஸ், ஒய் அச்சுகளை) ரோட்டோரக் கோட்டின் இரண்டு முனைகளில் வையுங்கள். பிறகு பார்வையை அந்த அச்சுகளுக்குத் திருப்பும் பிளான் கட்டளையைக் கொடுத்தால் ரோடு கிடைமட்டமாகப் படுத்துவிடும். பிளான் ஸ்கேலைக் கலைத்துவிடும் என்பதால் 2எக்ஸ்பி-யை மறுபடி போட்டுப் பூட்டவும். வடக்கு அம்பை மாடலில் வைத்திருந்தால் தானாகச் சாயும், தாளில் வைத்திருந்தால் நீங்கள்தான் சாய்க்க வேண்டும். முடித்ததும் யூசிஎஸ்ஸை வேர்ல்டுக்கு (மூல அச்சுகளுக்கு) மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். இதை மறந்துவிட்டு ஐடி கொடுத்தால் ரோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்ற மூன்றாவது வகை எண் ஒன்று வரும். அதையும் நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

இணையத்தில் எடுத்த எஃப்.எம்.பி. (அரசின் புலப்படம்) பிடிஎஃப்பை ஆட்டோகேடில் இறக்கினால் 100 மீட்டர் கோடு 50 என்று காட்டுகிறது.

உங்கள் படம் 1:2000-இல் வரைந்தது, அதில் 100 மீட்டர் என்பது தாளில் 50 மி.மீ. வந்திருப்பது தாளின் அளவு. இரண்டால் பெருக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் யாராவது தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கி அச்சிட்டு, ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அந்தக் கணக்கு பொய்க்கும். நீளமான ஜி-லைனை (புலப்படத்தில் அளவைக்கு அடிப்படையான நேர்கோடு) எடுத்து ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். குறுக்கே போகும் இன்னொரு கோட்டில் சரிபாருங்கள்.

அதைவிட நல்லது, படத்தை அளக்காமல் அதில் எழுதியிருப்பதைப் போடுவது. ஜி-லைன் நீளம், ஆஃப்செட் (அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக உள்ள தூரம்) எண்களைக் கொண்டு புதிதாக வரையுங்கள். கோடு ஒன்று சொல்லி எழுத்து வேறு சொன்னால் எழுத்துக்குத்தான் மரியாதை. பிறகு கிடைத்த கற்களுக்கு அலைன் செய்யுங்கள், இங்கேயும் ஸ்கேல் வேண்டாம். பழைய பிரதியில் 400 என்று எழுதியிருக்க, களத்தில் 80 மீட்டர் சொச்சம் வந்தால் பதற வேண்டாம். அது லிங்க் என்ற பழைய சங்கிலி அளவின் கணக்கு, ஒரு லிங்க் 20.1168 செ.மீ.

ஒரே தோட்டத்துக்கு இரண்டு பேர் டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ்) எடுத்தார்கள். ஒருவர் ஈஸ்டிங் 8,26,000, இன்னொருவர் 1,69,000. மூவ் செய்து ஒன்றாக்கினால் தூரத்து மூலை ஒட்டவில்லை. டேப் வைத்தால் இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. (திண்டுக்கல்)

உங்கள் ஊருக்கே உரிய தலைவலி இது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை உங்கள் பக்கமாகத்தான் போகிறது. யூடிஎம் என்பது உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் ஆயத்தொலைவு முறை. அந்தக் கோட்டுக்கு மேற்கே அதன் 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. ஒருவர் 43-இலும் மற்றவர் 44-இலும் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருமே தப்பில்லை.

மூவ் ஏன் போதவில்லை என்றால், ஒவ்வொரு மண்டலத்தின் வடக்கும் அதன் நடுக்கோட்டில்தான் உண்மை வடக்கோடு ஒன்றும். 43-இன் நடுக்கோடு 75 டிகிரி, 44-இன் நடுக்கோடு 81. நீங்கள் இரண்டுக்கும் ஓரத்தில் இருக்கிறீர்கள். ஒன்று ஒரு பக்கம் அரை டிகிரி சாய, மற்றது எதிர்ப்பக்கம் அரை டிகிரி சாய்கிறது. மொத்தம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அதாவது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர். கையால் திருப்பிப் பொருத்தாமல் ஒரு தொகுப்பை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மற்ற மண்டலத்துக்கு மாற்றுங்கள். அதில் 43-ஆம் மண்டலத்துக்குக் கொடுக்க வேண்டிய எண் 32643, 44-க்கு 32644.

டேப் விஷயத்துக்கும் காரணம் அந்த ஓரம்தான். நடுக்கோட்டில் யூடிஎம் தூரத்தை 0.9996 மடங்காகச் சுருக்கும், ஓரத்துக்கு வரவர நீட்டும். உங்கள் ஊரில் 100 மீட்டருக்கு 8, 9 செ.மீ. கூடுதலாகக் காட்டும். சென்னையில் நேர்மாறாக 3 செ.மீ. குறையும். ஏக்கருக்கு ஏறத்தாழ 7 சதுர மீட்டர் வித்தியாசம் என்றால், பத்து ஏக்கர் தோட்டத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் சென்ட். விற்பவரும் வாங்குபவரும் சண்டை போட அது போதும். கிரிட் (யூடிஎம்) ஆயத்தொலைவுகளைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பரப்பையும் பக்க அளவுகளையும் மட்டும் தரைக் கணக்குக்கு மாற்றி எழுதுங்கள். எந்தக் கெழுவால் மாற்றினீர்கள் என்பதைத் தாளின் ஓரத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

எக்ஸ் என்றால் நார்த்திங்கா, ஈஸ்டிங்கா?

ஆட்டோகேடில் எக்ஸ் ஈஸ்டிங், ஒய் நார்த்திங். ஆனால் பல கருவிகள் ஃபைலில் நார்த்திங்கை முதலில் எழுதும். மாற்றி ஏற்றினால் படம் கண்ணாடியில் பார்த்தது போல் புரண்டுவிடும், கிழக்கே இருந்த ரோடு வடக்கே போய் நிற்கும். இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். யூடிஎம்மில் ஈஸ்டிங் நம்மிடம் எப்போதும் ஆறு இலக்கம். கோவில்பட்டியிலிருந்து வடக்கே நார்த்திங் ஏழு இலக்கம். தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில் நண்பர்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி கிடையாது, அங்கே இரண்டுமே ஆறு.

பழைய பிளானில் நார்த்திங் 4,95,000, புதியதில் 7,95,000. எது சரி? (யாழ்ப்பாணம்)

இரண்டும் சரி. இலங்கையின் பழைய கிரிட் பிதுருதலாகலை மலையை 2,00,000, 2,00,000 என்று வைத்தது. எஸ்எல்டி99 என்ற புதிய கிரிட் அதை 5,00,000, 5,00,000 ஆக்கியது. 3 லட்சம் கூட்டினால் அந்தக் காணி எது என்று அடையாளம் காணலாம். ஆனால் வலைப்பின்னலே மறுபடி சரிக்கட்டப்பட்டதால் எல்லைக் கல் நட அந்தக் கூட்டல் போதாது. பழைய பிளானில் உள்ள கல் ஒன்றிரண்டை நிலத்தில் தேடிப் பிடித்து, புதிதாக அளந்த பிறகு நடுங்கள்.