ஞானஸ்நானத்திற்குப் பின் செய்த பாவம்

அன்புள்ள சகோதரருக்கு, ஞானஸ்நானம் பெற்றபின் மீண்டும் குடிக்குத் திரும்பிவிட்டதால், எத்தனை நாள் உபவாசம் இருந்தும் மன்னிப்புக்குத் தகுதி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தகுதி வந்தபின் கிடைப்பது மன்னிப்பு என்று அப்போஸ்தலர் போதிக்கவில்லை. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார் பவுல் (ரோமர் 5:8). முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்து சபைக்குச் சென்ற, ரோம் சபைத் தலைவர் கிளெமெந்துவின் கடிதமோ, நம் ஞானத்தாலோ பக்தியாலோ தூய உள்ளத்தோடு செய்த செயல்களாலோ அல்ல, விசுவாசத்தாலேயே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று 32-ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே சொல்கிறது. 250-இல் தேசியுஸ் பேரரசனுக்கு அஞ்சி ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்ட கிறிஸ்தவர்களை வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபை நெடுநாள் தவத்தில் வைத்தது உண்மைதான். ஆயினும் 251-இல் கூடிய, கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும் மற்ற ஆயர்களும், அவர்களுள் மனந்திரும்பியவர் சாகும் தறுவாயில் இருந்தால், தவம் முடியாதிருந்தாலும் சபையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றே தீர்மானித்தார்கள். உபவாசத்தைக் கைவிட வேண்டாம். அதை மன்னிப்புக்கான விலையாக எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டு, இந்த ஞாயிறே ஆராதனைக்குச் செல்லுங்கள்.